பனிமேட்டு மோகினியின் முகம்

சிலமலையில் குருவம்மாள் எதைச் சொன்னாலும் ஊர் நம்பும், ஒன்றே ஒன்றைத் தவிர. மழை வரும் என்று அவள் சொன்னால் களத்தில் காயும் சோளத்தை அள்ளிவிடுவார்கள். இந்தப் பசு உதைக்கும் என்றால் பிடித்த கயிற்றை விட்டுவிடுவார்கள். ஆனால், “பனிமேட்டுப் பங்களாப் படத்துல மோகினியா வந்தது நாந்தான்” என்று அவள் வாயைத் திறந்தால் போதும், எதிரே இருப்பவர்களுக்கு எங்கிருந்தோ ஓர் அவசர சோலி வந்துவிடும்.

'பனிமேட்டுப் பங்களா' லேசுப்பட்ட படமில்லை. ஒன்று ஓடி, இரண்டு ஓடி, மூன்றாம் பாகமும் ஓடியது. ஏலத்தோட்டத்துப் பங்களாவுக்கு ஒரு மேனேஜர் வருவார். கூடவே ஒரு பயந்தாங்கொள்ளிச் சமையல்காரன். மேனேஜர் பேயைத் தேடிக்கொண்டே இருப்பார், சமையல்காரன் பேயிடம் மாட்டிக்கொண்டே இருப்பான். தியேட்டரில் ஜனங்கள் பயந்துகொண்டே சிரிப்பார்கள். அந்த மோகினிக்கு மூன்று பாகத்திலும் முகம் கிடையாது. முழங்காலைத் தொடும் கூந்தல் முன்பக்கமாக விழுந்து முகத்தை மூடியிருக்கும். காலை ஒருச்சாய்த்துத் தூக்கி, விரல் நுனியால் தரையைத் தடவிப் பார்த்துவிட்டு வைப்பதுபோல் ஒரு நடை நடப்பாள். அந்த நடையை வகுப்பறையில் நடந்து காட்டி அடி வாங்கிய பிள்ளைகள் தமிழ்நாடு முழுக்க உண்டு. டைட்டிலில் 'மோகினி: ரூபகலா' என்று போட்டார்கள்.

உண்மை வேறு. ஏலக்காட்டுக்குள் கால் வைத்த முதல் நாளே கதாநாயகி ரூபகலாவை அட்டை கடித்துவிட்டது. அவள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தவள்தான், இறங்கவே மாட்டேன் என்றுவிட்டாள். குருவம்மாள் அப்போது கல்யாணம் ஆகாத பெண், அதே தோட்டத்தில் காயெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவள் முடியைப் பார்த்த டைரக்டர், ஒரு வெள்ளைச் சேலையைக் கொடுத்து நடக்கச் சொன்னார். நடந்தாள். ஏலச்செடியின் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். அதில்தான் காய் பிடிக்கும். மிதித்துவிட்டால் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆகையால் மலையில் காயெடுக்கிற பெண்கள் எல்லோருமே அப்படித்தான் காலைத் தூக்கித் தூக்கி வைப்பார்கள். ஊரே மிரண்ட பேய்நடை அந்த நடைதான்.

இதை எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. அதிலும் பக்கத்து வீட்டு ஓரகத்தி கருத்தம்மாள் இருக்கிறாளே, அவளுக்கு இந்தக் கதை வாய்க்கு வெற்றிலை மாதிரி. “பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்டி” என்பாள். “பேயா நடிச்சேன், பேயா நடிச்சேங்கிறியே, உனக்கு எதுக்குடி நடிப்பு?” என்று கேட்டுவிட்டுத் தெருவே சிரிக்கிற வரைக்கும் காத்திருப்பாள். கல்யாணமாகி வந்த வருடத்தில் ஆரம்பித்த கேலி. முப்பது வருடமாகியும் அவளுக்கு அலுக்கவில்லை.

குருவம்மாளின் புருஷன் வெள்ளைத்துரையோ டீக்கடையில், “பேய்க்கு வாக்கப்பட்டா புளிய மரம் ஏறித்தான் ஆகணும். நான் ஏறி உக்காந்து ரொம்ப நாளாச்சு” என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார். அவர் நம்புகிறாரா, இல்லையா என்பது அவளுக்கே பிடிபடவில்லை.

இப்படி இருக்கையில்தான் ஒரு நாள், மலைக்கு ஜீப் ஓட்டும் அழகுராஜா தெருமுனையிலேயே ஹாரனை அடித்துக்கொண்டு வந்தான்.

“சின்னாத்தா! உங்க பேயி திரும்ப வருதாம்!”

ஏதோ டிவிக்காரர்கள் 'பனிமேட்டுப் பங்களா'வை சீரியலாக எடுக்கப் போகிறார்கள். அதே மலை, அதே பங்களா. டைரக்டர் போடி டவுனில் ஒரு லாட்ஜில் தங்கியிருக்கிறார். ஆட்களை ஏற்றிப் போக அழகுராஜாவைத்தான் பேசியிருக்கிறார்கள்.

குருவம்மாள் அரைத்துக்கொண்டிருந்த மாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கருத்தம்மாளின் தலை தெரிந்தது.

“என்னாடி, பேயி கெளம்பிருச்சாக்கும்?”

“கெளம்பிட்டேன்க்கா. இந்தத் தடவை மூஞ்சியக் காட்டாம வர மாட்டேன்.”

“உன் மூஞ்சி டிவியில வந்துச்சுன்னா, என் ஒரு பக்கத்துக் காத அறுத்து உன் கையில தர்றேன். வாங்கிக்க.”

குருவம்மாளுக்கு நெஞ்சு கொதித்தது. காசு வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம். கூந்தல் விலகி, இந்த முகம் ஒரே ஒரு தடவை திரையில் தெரிய வேண்டும், அதைக் கருத்தம்மாள் கண்ணால் பார்க்க வேண்டும். அது நடக்காமல் செத்தால் தான் நிஜமாகவே பேயாகத்தான் அலைய வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

லாட்ஜில் டைரக்டர் பிரதீப் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தான். தாடி வைத்த சென்னைப் பையன். மூன்று பாகத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தான். குருவம்மாள் விஷயத்தைச் சொன்னதும் மரியாதையாகச் சிரித்தான்.

“அம்மா, டைட்டில்ல ரூபகலா பேருதானே வருது?”

“பேரு அவ பேரு தம்பி. காலு என் காலு.”

சொல்லிவிட்டுக் கொண்டையை அவிழ்த்தாள். முடி பாதி நரைத்து இடுப்போடு நின்றுபோயிருந்தது. ஆனாலும் முன்பக்கம் போட்டால் முகத்தை மறைக்கும். லாட்ஜ் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து பிரதீப்பை நோக்கி நடந்து வந்தாள். பக்கெட்டோடு எதிரே வந்த ரூம்பாய் பக்கெட்டைப் போட்டுவிட்டு மாடிப்படியில் ஏறிவிட்டான். பிரதீப் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

“போதும்மா, போதும்! நீங்கதான். சின்ன வயசுல இதைப் பார்த்துட்டு ஒரு வருஷம் நான் தனியா பாத்ரூம் போகல.”

துணைக்கு வந்திருந்த வெள்ளைத்துரை தலையைத் தலையை ஆட்டினார். குருவம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் தடவையாக ஒரு மனுஷன் நம்பிவிட்டான். ஆனால் அடுத்த வார்த்தையிலேயே அந்த மனுஷன் கழுத்தை அறுத்தான். மோகினியாக நடிக்கப் போவது ஷெர்லின். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர் வீட்டுப் பெண்தான், இப்போது சென்னையில் சீரியல் நடிகை. முகம் வருகிற இடமெல்லாம் ஷெர்லின். நடந்து வருகிற இடத்தில் மட்டும் குருவம்மாள்.

“அப்ப என் மூஞ்சி?”

“உங்க கால் வரும்மா. குளோசப்ல வரும்.”

காலைக் காட்டி யார் காதை வாங்குவது? வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் மூளை குறுக்கே விழுந்தது. நடப்பதென்னவோ அவள்தான். முடி கிடப்பதும் அவள் தலையில்தான். நடுவழியில் அதை விலக்கிவிட்டால் எவன் என்ன செய்ய முடியும்? காமிரா பொய் சொல்லாது. “சரி தம்பி, கால்னா கால்தான்” என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

படப்பிடிப்பு நாளன்று காலையில், சேலை மாற்றிக்கொண்டிருந்த கருத்தம்மாள் ராசிங்காபுரத்தில் ஒரு கேதம், சாவு வீட்டுக்குப் போகிறேன் என்றாள். குருவம்மாளுக்கு இருந்த பரபரப்பில் யார் செத்தார்கள் என்று திருப்பிக் கேட்கவும் தோன்றவில்லை.

மலையில் பனி நன்றாக இறங்கியிருந்தது. பங்களாவுக்குக் கீழே ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் நின்றன. ஷெர்லின் கையில் ஒரு உப்புப் பொட்டலத்தோடு காருக்குள் உட்கார்ந்துகொண்டு, “ஆன்ட்டி, அட்டை இருக்கா?” என்று கண்ணாடியை விரல் அளவுக்கு இறக்கிக் கேட்டாள். அன்றைக்கு ஜீப், இன்றைக்குக் கார். மற்றபடி சினிமா அப்படியேதான் இருக்கிறது.

குருவம்மாளுக்கு உடுப்பு கொடுத்தார்கள். வெள்ளைச் சேலை இல்லை. வெள்ளைச் சேலைப் பேய் பழசாகிவிட்டதாம், மண்வாசனையோடு வேண்டும் என்று சேனலில் சொல்லிவிட்டார்களாம். ஆகவே சிவப்புச் சேலை, நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை. தொங்கு முடிக்கு நீளமான சவுரி. பயம் வருவதற்காக ஸ்பீக்கரில் உடுக்கைச் சத்தமும் போடப் போகிறார்கள். இதில் ஏதோ இடிக்கிறதே என்று குருவம்மாளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்தபோது, சிவப்பு அவளுக்கு அவ்வளவு எடுப்பாக இருந்தது. தெரியப் போகிற முகம் நன்றாகத் தெரியட்டுமே என்று வாயை மூடிக்கொண்டாள். அந்த ஆசைக்குத்தான் அன்றைக்கு வட்டியும் முதலுமாகக் கட்டினாள்.

காட்சி இதுதான். தோட்டத்தில் பெண்கள் காயெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பனிக்குள்ளிருந்து மோகினி வருகிறாள். பெண்கள் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். அதற்காக அழகுராஜா தேவாரம், ராசிங்காபுரம் பக்கத்துப் பெண்களை ஒரு ஜீப் நிறைய அடைத்துக்கொண்டு வந்திருந்தான். எல்லோரும் அன்றாடம் மலையேறுகிறவர்கள். இவர்களுக்கு நடிக்க வருமா என்று பிரதீப் கேட்டதற்கு, “சூப்பர்வைசர் வர்றப்பல்லாம் நடிக்கிறதுதான சார்” என்றான் அழகுராஜா. தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, இடுப்பில் சாக்கு. அந்த வேஷத்தில் பெற்ற தாயையே அடையாளம் தெரியாது.

“ஆக்‌ஷன்!”

உடுக்கை முழங்கியது. குருவம்மாள் பனிக்குள்ளிருந்து புறப்பட்டாள். கால்கள் மறக்கவே இல்லை. ஒரு சரம் மிதிபடவில்லை, ஒரு இலை அசையவில்லை. பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வாயைப் பிளந்தார்கள். காமிராவுக்கு நேரே வந்ததும், இதுதான் சமயம் என்று குருவம்மாள் தலையை ஒரு வெட்டு வெட்டினாள். பனியில் நனைந்த சவுரி விலகிப் போய்விட்டு அதே வேகத்தில் முகத்தில் வந்து அப்பியது. மறுபடி வெட்டினாள். மறுபடி அப்பியது. இவளும் விடவில்லை, சவுரியும் விடவில்லை. உடுக்கைச் சத்தத்தோடு தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழன்றது.

“ஆத்தா எறங்கிட்டாடி!” என்று ஒருத்தி கத்தினாள்.

அவ்வளவுதான். ஜீப் நிறைய வந்த பெண்களும் ஒரே மூச்சில் குலவை போட்டார்கள். சிவப்புச் சேலை, எலுமிச்சை மாலை, உடுக்கை, விரித்த தலை என்று அத்தனையும் சேர்ந்து வந்தால் ஓடுகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் எந்த ஊரிலும் கிடையாது. கையைக் கூப்பி நின்று, வீட்டுக் கவலையைச் சொல்லிக் குறி கேட்பதுதான் வழக்கம். தேவாரத்து ஜோதி முதல் ஆளாக முன்னால் வந்து விழுந்தாள்.

“ஆத்தா, எங்க வாழைய யானை வந்து பூரா மிதிச்சுப் போட்டுருச்சு. இனியும் வருமா, சொல்லு ஆத்தா!”

குருவம்மாள் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒருத்தர் யோசனை கேட்டுச் சொல்லாமல் இருந்த பழக்கம் அவளுக்கு இல்லை.

“வாழை போட்டா வரத்தான செய்யும்? மொளகா போடு.”

“நான் வாழை போட்டது ஆத்தாளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு பாரு!” என்று ஜோதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சொன்னதே அவள்தான். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. ஒருத்திக்கு மகள் கல்யாணம், ஒருத்திக்கு மருமகள் சண்டை.

“கட்! கட்!” என்று பிரதீப் ஓடி வந்தான்.

“சாமி பேசிக்கிட்டிருக்கப்ப நடுவுல என்னா சத்தம் தம்பி?” என்று அவனைத்தான் அதட்டினார்கள்.

பிரதீப் தலையில் கையை வைத்துக்கொண்டு விளக்கினான். “இது சாமி இல்லம்மா. பேய். கெட்ட பேய். உங்களையெல்லாம் கொல்ல வருது. புரியுதா?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லையைத் தாண்டிப் போய் வேலை பார்த்து வாயில் பாதி மலையாளம் ஏறிய ஒருத்தி சொன்னாள்: “அது மொதல்லயே பறையக் கூடாதா சாரே? பேயின்னா நாங்க வேற மாதிரியில்ல செய்வோம்.”

“அதான் எனக்கு வேணும்! வேற மாதிரி செய்ங்க!” என்று பிரதீப் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு மானிட்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். பாவம், சென்னைப் பிள்ளை. வேறு மாதிரி என்றால் எந்த மாதிரி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பேயைக் கண்டு ஓடினால் அது வீடு வரைக்கும் கூடவே வரும். ஆகையால் ஓடக் கூடாது. நின்று, பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, அடித்துத்தான் அனுப்ப வேண்டும். இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு பேர் சத்தமில்லாமல் காய்ந்த ஏலத்தட்டையை ஒடித்தார்கள். தலையில் துண்டை இழுத்துக் கட்டியிருந்த ஒருத்தி பங்களா வாசலுக்குப் போய், அங்கே சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்து வந்து சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

குருவம்மாளும் தன் பங்குக்கு ஒரு முடிவெடுத்திருந்தாள். இந்தத் தடவை தலையை ஆட்டுகிற வேலையே கிடையாது. கையாலேயே முடியை விலக்கிவிட வேண்டியதுதான்.

“ஆக்‌ஷன்!”

நடந்து வந்தாள். காமிராவுக்கு நேரே வந்தாள். இரண்டு கையையும் தூக்கினாள்.

முதல் அடி முதுகில் விழுந்தது.

பெண் என்றால் பேயும் இரங்கும் என்பார்கள். பேய் என்றால் பெண் இரங்குவாள் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. ஏலத்தட்டை ஒரு பக்கம், விளக்குமாறு ஒரு பக்கம் என்று குருவம்மாள் நடுவில் மாட்டிக்கொண்டாள்.

“போறியா, மாட்டியா? எந்தப் புளிய மரத்துல இருந்துடி வந்த? பேரச் சொல்லு!” என்று விளக்குமாற்றுக்காரி கேட்டுக் கேட்டு அடித்தாள். அந்தக் குரல்! முப்பது வருடமாகச் சுவரைத் தாண்டி வருகிற குரல் அல்லவா?

“அக்கா! ஏ அக்கா! நாந்தான், குருவு! சிலமலைக் குருவம்மா!”

“பேரச் சொல்லிருச்சுடி! விடாதீக!” என்று ஜோதி கத்தினாள். பேய் பெயரைச் சொல்லிவிட்டால் இறங்கப் போகிறது என்று அர்த்தம். இன்னும் நாலு போட்டால் போய்விடும். ஆகையால் இன்னும் நாலு போட்டார்கள்.

குருவம்மாள் ஓட்டம் பிடித்தாள். சவுரி பிய்த்துக்கொண்டு ஒரு செடியில் தொங்கியது. சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, குங்குமம் மூக்கு வரை வழிய, வாயைப் பிளந்து அலறிக்கொண்டு நேராகக் காமிராவைப் பார்த்து ஓடி வந்தாள். அந்த ஓட்டத்திலும் ஒரு சரத்தை அவள் மிதிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு, துண்டு அவிழ்ந்து பறக்க, கருத்தம்மாள் வந்தாள். ராசிங்காபுரத்துக் கேதம் மலையேறி வந்திருந்தது. காமிராமேன் நிறுத்தவில்லை. குருவம்மாள் அழகுராஜாவின் ஜீப்பில் ஏறி விழுந்து, “எடுடா வண்டிய வெரசா!” என்று கத்தும் வரை எடுத்துக்கொண்டே இருந்தான்.

எல்லாம் அடங்கிய பிறகு கருத்தம்மாள் ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இளைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் உன்னைய அடிக்கலடி. பேயத்தான் அடிச்சேன்.”

“அப்ப நாந்தான் பேயின்னு ஒத்துக்கிறியா?”

கருத்தம்மாள் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

பிரதீப் குருவம்மாளை மானிட்டர் முன்னால் உட்கார வைத்து, கையில் கட்டன்சாயாவைக் கொடுத்தான். சிரித்துச் சிரித்து அவன் கண்ணெல்லாம் நீர். காட்சியைப் போட்டுக் காட்டினான்.

அவள் முகம்தான். திரை நிறைய அவள் முகம். எந்த முகத்துக்காக முப்பது வருடம் ஏங்கினாளோ, அந்த முகம் ஈரக் கோழி மாதிரி அலறிக்கொண்டு ஓடி வந்தது. குருவம்மாளுக்கு அழுகை முட்டியது. கம்பீரமாக, கண்ணை உருட்டி, ஊரே நடுங்கும்படி ஒரு முகத்தை அல்லவா அவள் நினைத்து வைத்திருந்தாள்?

“இதையா காட்டப் போறீக?”

“இதுதாம்மா 'பனிமேட்டுப் பங்களா'! பேயைப் பார்த்து மனுஷங்க ஓடுறதை எல்லாரும் எடுத்துட்டாங்க. மனுஷங்களைப் பார்த்து பேய் ஓடுறதை யாரும் எடுக்கல” என்றவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “உங்களுக்கு வேண்டாம்னா தூக்கிடறேம்மா. பழையபடி முகத்தை மூடி நடக்கிற மாதிரியே வேற எடுத்துக்கலாம்.”

“இதுல மோகினி நாந்தான்னா அந்தப் புள்ள ஷெர்லின்?”

“ஷெர்லின் மோகினியோட பேத்தி. சீரியல்ல பேய்க்கும் குடும்பம் இருக்கலாம்மா.”

குருவம்மாள் மறுபடி மானிட்டரைப் பார்த்தாள். அவள் முகத்துக்குப் பின்னால் விளக்குமாற்றோடு கருத்தம்மாளின் முகம். அதுவும் தெளிவாக, பல் தெரிய.

“அவ மூஞ்சிய மட்டும் வெட்டிப்புடுங்க.”

“துரத்துறவங்க இல்லாட்டி நீங்க எதுக்கு ஓடுறீங்கம்மா? வந்தா ரெண்டு பேரும் வரணும். இல்லாட்டி ரெண்டு பேரும் இல்ல.”

குருவம்மாள் கட்டன்சாயாவைக் குடித்து முடிக்கும் வரை யோசித்தாள். முகத்தை மூடிக்கொண்டு மரியாதையாக நடக்கலாம். அப்படி நடந்து முப்பது வருடத்தில் கிடைத்தது என்ன? இல்லையென்றால் இந்த முகத்தோடு, அந்தச் சண்டாளியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, ஊர் சிரிக்க ஓட வேண்டும். முதுகு எரிந்தது. மனசு அதைவிட எரிந்தது.

“காட்டுங்க” என்றாள் கடைசியில். “கீழ என் பேரப் போடணும். ஊரு பேரோட போடணும்.”

சீரியல் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஆரம்பித்தது. தெருவிலேயே பெரிய டிவி கருத்தம்மாள் வீட்டில்தான் இருந்தது. மகன் மனோஜ் வாங்கிக் கொடுத்தது. குருவம்மாளும் வேறு வழியில்லாமல் அங்கேதான் போய் உட்கார்ந்தாள். மலையில் நடந்ததை இருவரும் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒருத்திக்கு அடி வாங்கிய வெட்கம், இன்னொருத்திக்குக் கேதம் என்று பொய் சொன்ன வெட்கம். வீடு நிறைந்து, வாசலும் நிறைந்து, ஜன்னல் கம்பிகளில் பிள்ளைகள் தொற்றிக்கொண்டிருந்தார்கள்.

பனி வந்தது. நடை வந்தது. ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் அடி விழுந்தது, திரை நிறையக் குருவம்மாளின் முகம் அலறிக்கொண்டு வந்தது. கீழே எழுத்து ஓடியது: 'மோகினி: குருவம்மாள், சிலமலை.' அதற்குப் பின்னாலேயே விளக்குமாறும் கருத்தம்மாளும்.

வீடே வெடித்துச் சிரித்தது. சிரித்து முடித்ததும் எல்லோரும் குருவம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். இப்போதாவது, இப்போதாவது என்று காத்திருந்தாள்.

போடியில் செல்போன் கடை வைத்திருக்கும் அருள்பாண்டி மட்டும் உதட்டைப் பிதுக்கினான்.

“இதெல்லாம் ஏஐ மாப்ளே. இப்பல்லாம் போட்டோ ஒண்ணு குடுத்தாப் போதும், யாரு மூஞ்சிய வேணாலும் யாரு ஒடம்புல வேணாலும் ஒட்டிருவாங்க. நம்ம சித்தி போட்டோவ எவனோ குடுத்திருக்கான்.”

“அதான பாத்தேன்” என்றது ஒரு குரல். “இருக்கும், இருக்கும்” என்றது இன்னொன்று. குருவம்மாளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. முகத்தையும் காட்டியாயிற்று, மானத்தையும் விட்டாயிற்று, இதற்கு மேல் இந்த ஊருக்கு எதைத்தான் காட்டுவது? எழுந்து போய்விடலாம் என்று தரையில் கையை ஊன்றினாள்.

அதற்குள் கருத்தம்மாள் எழுந்துவிட்டாள்.

“எதுடா ஒட்டுனது? என்னாடா ஒட்டுனது?” என்று அருள்பாண்டியின் சட்டையைப் பிடித்தாள். “என் மூஞ்சியும்தான் வருது. அதுவும் ஒட்டுனதா? தேவாரத்துக்காரி ராசிங்காபுரத்துக்காரியெல்லாம் பயந்து நிக்கிறாளுக, நான் ஒருத்தி வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு அந்தப் பேய வெரட்டு வெரட்டுன்னு வெரட்டியிருக்கேன். அது பொய்யிங்கிறியா?”

“இல்ல பெரியம்மா, அதுல வர்ற பேயி...”

“அந்தப் பேயி இவதாண்டா! இந்தா உக்காந்திருக்காளே, இவதான்! அன்னைக்குப் படத்துல வந்தவளும் இவதான், இன்னைக்கு வந்தவளும் இவதான். பனிக்குள்ள இருந்து இவ நடந்து வர்றதப் பாத்து எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு. அப்பேர்ப்பட்ட பேயத்தாண்டா நான் அடிச்சது! சும்மா போற வர்ற பேயின்னு நெனச்சியா?”

ஊன்றிய கையை எடுக்க மறந்துபோய்க் குருவம்மாள் அப்படியே இருந்தாள். வாசல் பக்கம் பார்த்தாள். வெள்ளைத்துரை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்து வந்த கண்ணீரா, வேறு கண்ணீரா என்று இந்தத் தடவையும் பிடிபடவில்லை.

“அக்கா, காத எப்ப அறுக்குறது?” என்று கேட்டாள்.

“காது கெடக்கட்டும்டி, இனிமே டிவிக்காரன் கூப்புட்டா கம்மல் எதுல மாட்டுறது? நீ எந்திரி. இந்தப் பயலுகளுக்கு நடந்து காட்டு.”

குருவம்மாள் தெருவில் இறங்கினாள். கொண்டையை அவிழ்த்து முன்பக்கம் போட்டுக்கொண்டு, அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தாள். ஜன்னலில் தொற்றியிருந்த பிள்ளைகள் பொத்பொத்தென்று குதித்து வீட்டுக்குள் ஓடினார்கள். ஒரு நாய் குரைக்க வாயெடுத்துவிட்டுத் திண்டாடி நின்றது. அருள்பாண்டி தன் பைக்குக்குப் பின்னால் போய்விட்டான். வாசலில் நின்ற கருத்தம்மாளின் கை தானாகக் கதவு மூலைக்குப் போய் எதையோ எடுத்துக்கொண்டது.

“பாத்துக்கங்கடா!” என்று கருத்தம்மாள் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். “இவ பேயி இல்லைன்னு இனிமே எவனாச்சும் சொல்லட்டும், பாப்போம்!”

குருவம்மாள் முடியை இரண்டு கையாலும் ஒதுக்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓரகத்தியை நன்றாகப் பார்த்தாள்.

“சரிக்கா. அந்த வெளக்கமாத்தக் கீழ போட்டுட்டுச் சொல்லு.”